இலையைத் திருப்பிப் பார்த்தவர்

செய்தி குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தண்ணீர் லாரி தாமதமாகும் என்ற அறிவிப்புக்கும், தன் இடத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டார்கள் என்ற புகாருக்கும் நடுவில் அது இருந்தது. "சி பிளாக் நாகரத்னா ஆன்ட்டி இன்று விடியற்காலை காலமானார். சர்வீஸ் லிஃப்டை யாரும் பயன்படுத்த வேண்டாம்." அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வரத் தொடங்கின. அவர் பெயர் நாகரத்னா அல்ல, நாகரத்தினம். தன் பெயரைத் தவறாக எழுதிய குடிநீர்க் கட்டண ரசீதை அலுவலகத்துக்குத் திருப்பி எடுத்துச் சென்று மாற்றி வாங்கியவர் அவர். நான் குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

சி பிளாக்குக்கு நடந்தே போனேன். ஹாலில் படுக்க வைத்திருந்தார்கள். நாகரத்தினம் திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் மகளோடுதான் இருந்தார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்தாங்க ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை வசந்தாவோட தொட்டியெல்லாம் பாக்கணும், மறக்காம சொல்லுன்னு சொன்னாங்க" என்றாள். வசந்தா நான்தான். மின் மயானத்துக்கு என் மகன் முரளி காரில் அழைத்துப் போனான். பின் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஓசூர் ரோட்டைப் பார்த்தபோது, நான் வெளியே வந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அந்த நேரத்துக்குப் பொருத்தமில்லாததாகப் பட்டது. ஆனால் நாகரத்தினம் அதைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

நம் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் இந்த மடலைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். "தொட்டியைத் தூக்கிப் போடச் சொல்ற அம்மா" என்றுதான் அவரைச் சொல்வார்கள். பி பிளாக்கில் ஒருவர் தன் செம்பருத்தியை அவர் கண்ணில் படாமல் குளியலறையில் ஒளித்து வைத்திருந்ததாகக் கேள்வி. நாகரத்தினம் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில், வெளிநாட்டிலிருந்து வரும் செடிகளையும் விதைகளையும் சோதிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பூச்சியோ நோயோ இருந்தால் உள்ளே விடக் கூடாது. சந்தேகம் இருந்தால் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் நம் குடியிருப்போர் சங்கம் அவரைச் செடிகளுக்குப் பொறுப்பாக வைத்தது.

எங்கள் தளத்தின் வராந்தாவில் வெள்ளை ஈக்கள் பறக்க ஆரம்பித்தபோது அவர் முதல் முறையாக என் வீட்டுக்கு வந்தார். அப்போது என் பால்கனி முழுக்க சால்வியாச் செடிகள் இருந்தன. சமையலுக்குப் போடும் சேஜ் அல்ல. அதே குடும்பத்தில் பூவுக்காக வளர்க்கும் வகை. சிவப்பும் ஊதாவுமாகக் கதிர் கதிராகப் பூக்கும். இணையத்தில் பார்த்து, வீட்டுக்கே வரவழைத்து வாங்கியவை. புறாத் தொல்லை என்று முரளி பால்கனியை மூன்று பக்கமும் கண்ணாடியால் அடைத்திருந்தான். அதற்குள்தான் அவற்றை வளர்த்தேன். என் செடிகளில் குறை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பொது மேலாளரின் செயலாளராக இருந்தவள். நான் தட்டச்சு செய்த கடிதத்தில் எவரும் பிழை கண்டதில்லை. காபி கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"காபி அப்புறம். மொதல்ல செடி" என்றார் நாகரத்தினம். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு சிறிய பூதக்கண்ணாடி தொங்கியது. குனிந்து ஒரு செடியைப் பார்த்தார்.

"என்னா மேடம், இலையெல்லாம் பளபளன்னு இருக்கு?"

"தினமும் துடைக்கிறேன்."

"எதால?"

"ஈரத் துணியால. துவைச்சு வெச்ச துணி."

"ஒரே துணியா?"

"சுத்தமான துணி. ஒண்ணே போதுமே."

அவர் நிமிர்ந்து சிரித்தார். "செஞ்சிலந்திப் பேன் நடக்கவே சோம்பேறி மேடம். ஒரு செடியிலேருந்து இன்னொரு செடிக்குப் போக அதுக்கு வாரக்கணக்காகும். நீங்க தினமும் ஆட்டோ வெச்சு வீட்டுக்கு வீடு கொண்டுபோய் இறக்கியிருக்கீங்க. சார்ஜ் கூட வாங்காம."

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்த கான்வென்டில் வரவேற்பறைக் குரோட்டன்களின் இலைகளை வெள்ளிக்கிழமை தோறும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இலையில் தூசி இருந்தால் அன்றைக்கு விளையாட விடமாட்டார்கள். அப்போது கற்ற ஒழுங்கு அது. அதைத் தவறு என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நாகரத்தினம் ஓர் இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடியை என் கண்ணருகில் கொண்டுவந்தார். மேற்புறம் மினுமினுத்த அந்த இலையின் அடிப்புறத்தில் நூலாம்படை போல ஏதோ இழையோடியிருந்தது. அதில் சிவந்த புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் வெள்ளை ஈயின் முட்டைகள், யாரோ கோலப்பொடியில் வளையம் போட்டதுபோல, வட்டமாக ஒட்டியிருந்தன.

"முகத்தைப் பாக்காதீங்க மேடம். முகத்தை யாரும் நல்லாத்தான் வெச்சிருப்பாங்க. முதுகைத் திருப்பிப் பாருங்க."

இதை அவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

அடுத்து அவர் செடிகளின் அடியில் இருந்த இலைகளைக் காட்டினார். மாவு தூவியதுபோல வெண்மை படிந்திருந்தது. சாம்பல் நோய். "இதுக்குக் காத்து எங்கேருந்து வருது?" என்று கேட்டார். ஏசி இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடிச் சுவர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகப் பார்த்தார். "இந்தச் செடிங்க வெளிய காத்தையே பாத்ததில்ல, இல்லையா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"முட்டி வலி" என்றேன்.

அவர் அடுத்த தொட்டியின் பக்கம் குனிந்தார்.

பாதிச் செடிகளுக்கு மேல் எறியச் சொல்லிவிட்டார். மருந்து அடித்துப் பார்க்கலாமே என்று நான் வாதாடினேன். "அடிக்கலாம். பொணத்துக்கு டானிக் கூடக் குடுக்கலாம்" என்றார். எறிய வேண்டியவற்றை வேரோடு பிடுங்கி, கறுப்புப் பைகளில் கட்டச் சொன்னார். நோய் பிடித்த செடியை எருக்குழியில் போடக் கூடாது, அங்கிருந்து மறுபடி கிளம்பும் என்றார். பிழைக்கக்கூடியவற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே மற்ற செடிகளிலிருந்து விலகி, ஒரு மூலையில், நிழல்வலையின் கீழ் அவற்றுக்கு இடம். மாடிச் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"தினமும் காலையில நீங்களே வரணும். வேலைக்காரம்மாவ அனுப்பினீங்கன்னா செடிய அவங்ககிட்டயே குடுத்துடுவேன்."

இப்படித்தான் நான் வீட்டை விட்டுத் தினமும் வெளியே வர ஆரம்பித்தேன். வெளியே என்றால் மேலே. லிஃப்ட் கடைசித் தளத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் படி ஏற வேண்டும். நான் ஏறினேன். நாகரத்தினம் எனக்கு முன்பே வந்து, தண்ணீர்க் குழாயில் ரப்பர் குழாயைப் பொருத்திக்கொண்டிருப்பார். தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். பேன்கள் பாதி அதிலேயே போய்விடும். பிறகு வேப்பெண்ணெயில் சில துளி சோப்புக் கரைசல் விட்டு, தண்ணீரில் கலந்து, வெயில் ஏறுமுன் தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு சேராது. தெளிக்கும்போது கை ஓயாமல் புட்டியைக் குலுக்க வேண்டும். சாம்பல் பூத்த இலைகளைக் கத்தரித்துப் பையில் போட்டுவிட்டு, கத்தரியை ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும். செடியின் நடுவில் நெருங்கி வளரும் தண்டுகளை எடுத்துவிட வேண்டும், காற்று ஊடே போகும்படி. தண்ணீர் மண்ணுக்கு மட்டும். இலையை நனைப்பதென்றால் காலையில் மட்டும்.

ஒருநாள் நான் சாம்பல் நோய்க்கென்று கந்தகத் தூள் வாங்கி வந்து காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். "பேடா, பேடா" என்று வேண்டாமெனக் கையைத் தடுத்தார். அவருக்கு அவசரம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "எண்ணெய் தெளிச்ச செடிக்கு இப்ப கந்தகம் போட்டா இலை வெந்துடும். ரெண்டுல ஒண்ணுதான் மேடம். ரெண்டு டாக்டர் மருந்தையும் ஒண்ணா முழுங்கறவங்களா நீங்க?" தொட்டியின் விளிம்பில் எறும்பு ஏறினால் உடனே செடியின் நுனியைப் பார்க்கச் சொல்வார். அங்கே அசுவினிப் பூச்சி இருக்கும். அது கசியும் இனிப்புக்காகத்தான் எறும்பு வரும். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவிச் செடிகளுக்கிடையே தொங்கவிட்டிருந்தார். வெள்ளை ஈக்களுக்கு மஞ்சள் பிடிக்கும், வந்து ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் தட்டைப் பார்த்துவிட்டு, "நேத்து நல்ல வசூல்" என்பார்.

ஒவ்வொரு தொட்டியிலும் அவர் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, அதில் ஒரு தேதி எழுதியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "முட்டை மேல எந்த மருந்தும் சரியா ஏறாது. அது பொரிச்சு வெளிய வரட்டும்னு காத்திருக்கணும், வந்ததும் மறுபடி அடிக்கணும். அதுக்கு ஆகற காலம்தான் இந்தத் தேதி. அன்னிக்கு எல்லா இலையையும் திருப்பிப் பாப்பேன். ஒண்ணும் இல்லன்னா விடுதலை. உசுரோட ஒண்ணு இருந்தாலும் புதுத் தேதி." தன் அலுவலகத்தில் ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர் பெட்டிக்குள் ஈரக் காகிதத்தில் சுற்றி ரோஜாத் தண்டுகள் கொண்டுவந்த கதையைச் சொன்னார். அவர் கத்தினாராம், மேலிடத்துக்குப் போன் போட்டாராம், கடைசியில் அழுதாராம். "டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சு முடிக்கற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தேன். அப்புறம் எரிச்சுட்டேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, வீறாப்பும் இல்லை.

எறிந்த செடிகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்க வேண்டும், அடுகோடிப் பக்கம் ஒரு நர்சரி இருக்கிறது, போய் வரலாம் என்று ஒருநாள் சொன்னார். முட்டி வலி என்றேன்.

"தினமும் மாடிப்படி ஏறி வர்றீங்க. அப்ப வலிக்கல. கேட் பக்கம் போனாத்தான் வலிக்குமா?"

அன்று நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் மறுநாள் கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு இறங்கினேன். அவர் உடன் இருந்தால் காவலாளி கேட்க மாட்டான் என்று நினைத்தேன். அவன் கேட்டான்.

"அம்மா, ஒந்து நிமிஷா. பர்மிஷன் கேளபேகு" என்று, அனுமதி கேட்கத் தன் கைபேசியை எடுத்தான்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ஈஜிபுரா போகும் வழியில் நடைபாதைக் கல் ஒன்று இல்லாத இடத்தில் நான் விழுந்தேன். நெற்றியில் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு, நம் கேட்டில் வருவோர் போவோரைப் பதிவு செய்யும் செயலியில் முரளி என் பெயரை வேறு வகைக்கு மாற்றி வைத்தான். அந்தச் செயலியில் வீட்டு உரிமையாளர், வாடகைக்கு இருப்பவர், குழந்தை, வேலையாள் என்றுதான் வகைகள் இருக்கின்றன. தாய்க்கு என்று எதுவும் இல்லை. குழந்தை என்று போட்டால், அது தனியாக வாசலைத் தாண்டும்போது தகப்பனுக்குப் போன் அடிக்கும். அவன் சரி என்று அழுத்தினால்தான் காவலாளி கதவைத் திறப்பான். முரளி எனக்கு அதைப் போட்டான். வங்கிக்குப் போகக் கிளம்பிய ஒரு காலையில் கேட்டில் நின்றுதான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். காவலாளி தலையைக் குனிந்துகொண்டு போன் அடிக்கும்வரை காத்திருந்தான். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு கேட் பக்கம் போகவில்லை. கேட்டால் அனுமதி கிடைக்கும். முரளி ஒருநாளும் மறுக்க மாட்டான், அவன் நல்ல பிள்ளை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சரி என்று மட்டுமே சொல்கிற ஒருவனிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் முட்டி வலி என்று சொன்னேன். அவர்களும் நம்பினார்கள்.

நாகரத்தினம் காவலாளியின் கைபேசியை எட்டிப் பார்த்தார். அதில் என் கணவரின் பணி ஓய்வு விழாவில் எடுத்த என் படமும், பக்கத்தில் 'சைல்ட்' என்ற சொல்லும் இருந்தன. அவர் சிரிப்பார் என்று நான் என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "எரடு சேர் கொடப்பா" என்று காவலாளியிடம் கேட்டார். அவன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டான். நாங்கள் கேட்டருகே உட்கார்ந்தோம். முரளி ஏதோ மீட்டிங்கில் இருந்தான் போலிருக்கிறது, எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. கேட் ஓரத்தில் ஒப்பந்தக்காரர் நட்ட சால்வியாக்கள் வாடிக் கிடந்தன. நாகரத்தினம் எழுந்துபோய் ஒன்றை லேசாக இழுத்தார். வேர் கறுத்து, கூழாகி, கையோடு வந்துவிட்டது. "தண்ணி நிக்குது. வேர் அழுகிப்போச்சு. பாவம், குடிச்சே செத்திருக்கு" என்றார். ஏ பிளாக் பெண் ஒருத்தி காய்கறிப் பையோடு உள்ளே வந்தவள் நின்றாள். "யாருக்கு வெயிட் பண்றீங்க ஆன்ட்டி?"

"இந்தம்மாவோட அப்பாவுக்கு" என்றார் நாகரத்தினம். "இன்னும் போன் எடுக்கல."

அந்தப் பெண் புரியாமல் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு முகம் எரிந்தது. நாகரத்தினத்தைத் திட்ட வாயெடுத்தேன். பதிலாகச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை. கைப்பையால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

சற்று நேரத்தில் காவலாளியின் கைபேசியில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். நான் எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, என் பிளாக்கை நோக்கி நடந்தேன்.

"தெறந்துட்டானே, எங்க போறீங்க?"

"இப்படிப் போக எனக்கு மனசில்லை."

"வீம்பு."

"வீம்புதான்."

அவர் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு என் பின்னால் வந்தார். 

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். முரளி எழுந்து நின்று வரவேற்றான். காபியை இந்த முறை வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, அம்மாவ எதுக்கு அடைச்சு வெச்சிருக்கே?"

முரளி பதறிவிட்டான். "அடைச்சா? ஐயோ ஆன்ட்டி! சேஃப்டிக்காகத்தான். வெளிய ஃபுட்பாத் எப்படி இருக்குன்னு பாத்தீங்கள்ல? தலையில தையல் போட்டாங்க. நான் ஆபீஸ்ல உக்காந்துட்டு பயந்துட்டே இருக்கணுமா?"

"தப்பே இல்ல. பயம் இருந்தா தனியா வெக்கத்தான் வேணும். வேலையில இருந்த வரைக்கும் நானும் அதத்தான் செஞ்சேன். என்னிக்கு வரைக்கும்?"

"என்னிக்கு வரைக்கும்னா?"

"தேதி தம்பி, தேதி."

"அப்படித் தேதியெல்லாம் இல்ல ஆன்ட்டி. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும்."

"எந்த டாக்டர்?"

முரளி என்னைப் பார்த்தான். நான் காபி டபராவைப் பார்த்தேன். எந்த டாக்டரும் இல்லை. தையல் பிரித்த நாளோடு டாக்டரின் வேலை முடிந்துவிட்டது.

"தனியா வெக்கறதுக்கு ஒரு தேதி இருக்கணும்" என்றார் நாகரத்தினம். குரலை உயர்த்தவில்லை. "தேதி இல்லாம வெச்சா அதுக்கு வேற பேரு."

 பிறகு முரளி சிரித்தான். அவனுக்கு எல்லாவற்றையும் சுமுகமாக முடிக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். "சரி ஆன்ட்டி, இப்படி வெச்சுக்கலாம். அம்மாவோட செடிங்க மாடியிலேருந்து என்னிக்கு விடுதலையாகிக் கீழ வருதோ, அன்னிக்கே ஆப்ல மாத்திடறேன். ப்ராமிஸ்."

"வர வெள்ளிக்கிழமை" என்றார் அவர். லிஃப்ட் வரை நான் உடன் போனேன். கதவு மூடுமுன் சொன்னார்: "நல்லாப் பாத்துத்தான் விடுவேன், வசந்தா. உனக்காகன்னு ஒரு இலையைக் கூடப் பாக்காம விட மாட்டேன்." அன்றுதான் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை மேடம்தான், கேலிக்காகவாவது.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அவர் போய்விட்டார். மருத்துவர்கள் இதயம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் அக்காள் மகளிடம் மாடிச் சாவியையும் பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனேன். செடிகள் நன்றாக இருந்தன. புதுத் தளிர் விட்டிருந்தன. ஒன்றிரண்டில் சிவப்பு மொட்டு தலைகாட்டியது. ஒவ்வொரு இலையாகத் திருப்பினேன். பேன் இல்லை. சாம்பல் இல்லை. கடைசித் தொட்டியில், உள்ளே மறைந்திருந்த ஓர் இலையின் அடியில், அந்த வெள்ளை வளையம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு ஈ, சாம்பல் துகள் போல, ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டதும் பறந்தது. உயிரோடுதான் இருந்தது.

மாடியில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்த இலையைக் கிள்ளிப் பையில் போட்டுவிட்டு, எல்லாத் தொட்டிகளையும் கீழே கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் எனக்கு நாகரத்தினத்தின் மேல் கோபம்கூட வந்தது. வேப்பெண்ணெய் கலந்து, எல்லாச் செடிகளுக்கும் அடித்தேன். பிளாஸ்திரித் துண்டுகளை உரித்துவிட்டுப் புதியவற்றை ஒட்டி, அடுத்த மாதம் முதல் தேதியை எழுதினேன். முட்டைகள் பொரித்து வெளிவர அவ்வளவு அவகாசம் வேண்டும்.

மாலையில் முரளி மடிக்கணினியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான். "செடிகள் இப்ப கீழ வர முடியாது முரளி. முதல் தேதி ஆகும்" என்றேன்.

"எந்தச் செடிம்மா?"

"மாடியில இருக்கறது."

"ஓ, அதுவா. இருக்கட்டும்மா, என்ன அவசரம்?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் நடிக்கவில்லை. மறந்துதான் போயிருந்தான். காபி குடிக்க வந்த ஒரு வயதான அம்மாளைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை அவனைப் பொறுத்தவரை அன்றே முடிந்துவிட்டது. நான் நினைவூட்டியிருந்தால், கட்டைவிரலால் ஒரு நொடியில் மாற்றிக் கொடுத்திருப்பான். சாரிம்மா என்றும் சொல்லியிருப்பான். அதற்கும் நான் அவனிடம் கேட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் பால்கனி காலியாக இருந்தது.

பிறர் நாகரத்தினத்திடமிருந்து என்னென்ன வைத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடியை அவர் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர் சொன்னபடி தொட்டிகளைச் சாய்த்துத் தண்ணீர் பீய்ச்சுவேன், கத்தரியைத் துடைப்பேன். அதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. எதையும் அடைத்து வைக்குமுன் அதற்குத் தேதி எழுதுகிற அவர் வழக்கம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. அதை எழுதுவதற்கு இப்போது அவர் இல்லாததால் நானே எழுதிக்கொள்கிறேன். முதல் தேதி காலையில் மறுபடி எல்லா இலைகளையும் திருப்பிப் பார்ப்பேன். சுத்தமாக இருந்தால் செடிகள் கீழே வரும். இல்லாவிட்டால் அவற்றுக்கு வேறு தேதி போடுவேன். எனக்கு வேறு தேதி கிடையாது.

இந்த மடல் முரளிக்கும் வரும். அவன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், ஆனால் படிப்பான். முதல் தேதிக்குள் படித்து முடிக்கப் போதுமான நாட்கள் இருக்கின்றன. அன்று மாடியிலிருந்து இறங்கியதும் நான் கேட்டுக்கு வருவேன். அடுகோடிப் பக்கம் நர்சரிக்குப் போய், இலைகளைத் திருப்பிப் பார்த்து, சில சால்வியாக்கள் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் கேட்டில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும், எனக்காக யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.